இவாத்தேயின் கரையும் ஒரு கல்லும்

ஜப்பானின் வடகிழக்கிலுள்ள இவாத்தே மாகாணத்தில், மியாக்கோ நகருக்குத் தெற்கே மலைகள் நேரே கடலில் இறங்குகின்றன. பண்டைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளுள் கடல் புகுந்தமையால் குறுகிய விரிகுடாக்கள் பல தோன்றின. படகுகளுக்கு இவை நல்ல புகலிடம். ஆயின் சுனாமி எழுங்கால், அகன்ற வாயிலில் நுழையும் நீர் உட்புறம் ஒடுங்க ஒடுங்க உயர்ந்தெழும். சமநிலமோ விரிகுடாவின் உட்கோடியிலேயே உண்டு. மக்கள் குடியேறியதும் அங்கேதான்.

அனெயோஷி என்னும் சிற்றூரில் 1896-இல் இருவரும் 1933-இல் நால்வருமே உயிர் பிழைத்தனர். அதன் பின்னர், இதற்குக் கீழே வீடு கட்டலாகாது எனப் பொறித்து மேட்டில் கல் நாட்டினர். நாள்தோறும் கடலுக்கு இறங்கும் மீனவர்க்கு இஃது எளிய கட்டளையன்று, எனினும் கடைப்பிடித்தனர். 2011 மார்ச்சு 11-இல் அவ்விடத்தில் நீர் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம் ஏறி, கல்லை எட்டாமல் நின்றது. மேலிருந்த வீடுகள் தப்பின.