கடலில் இறங்கியவன் மலை ஏறலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குக் கடலோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் நீந்தக் கற்ற நான், சென்ற விடுமுறையில் தூத்துக்குடியில் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் மூழ்கும் பயிற்சி பெற்றேன். அங்கு கற்ற ஒரு பாடம் நம் மலைப்பாதையோடும் தொடர்புடையது. அதையே இங்கு எழுதுகிறேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, மூச்சில் செல்லும் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் மிகுதியாகக் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், திறந்த கோலி சோடாவைப் போல அது குமிழிகளாகக் கிளம்பும். மூட்டுவலி, மரத்துப்போதல், பக்கவாதம், சில வேளை மரணமே நேரும். ஒரே மூச்சில் இறங்கி ஏறிய அக்கால முத்துக்குளிப்போருக்கு நைட்ரஜன் சேர அவகாசம் குறைவு. உருளைக் காற்றில் நெடுநேரம் தங்குவோருக்கோ அபாயம் அதிகம்.

ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவர் துணைவர்களும் ஆடுகளைக் கொண்டு சோதித்து, பாதுகாப்பாக மேலேறும் அட்டவணைகளை 1908இல் வெளியிட்டனர். இடையில் கட்டாயமாக நிற்காமல் நேரே மேலே வரக்கூடிய கால எல்லையும் ஆழத்துக்கு ஆழம் மாறும். இன்று பயிற்சிக்குப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி, 18 மீட்டரில் 56 நிமிடம். 30 மீட்டரில் 20 நிமிடமே. மணிக்கட்டில் கட்டும் கணினி, மீதமுள்ள நிமிடங்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். அது பூச்சியத்தைத் தொடுமுன் மேலேறத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் விரையக் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவது நலம். அதே நாளில் மறுமுறை மூழ்கினால் எல்லை குறையும். ஏனெனில், எல்லைக்குள் இருந்தாலும் உடலில் நைட்ரஜன் எஞ்சியே இருக்கிறது.

இங்குதான் நம் மலை வருகிறது. கடைசி நாள் பிற்பகல் ஒரு மணிக்குக் கரையேறினேன். அன்றிரவு எட்டு மணிக்கு மேகமலையில் அக்காவின் நிச்சயதார்த்தம். பயிற்சியாளர் தடுத்தார்: "தம்பி, மலை ஏறாதே. பல முறை மூழ்கியவன் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும்." விமானப் பயணத்துக்கான விதி அது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயர மேகமலையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்குதான். எஞ்சிய நைட்ரஜனுக்கு அது மற்றுமொரு மேலேற்றம். ஆகவே அவ்விதி மலைக்கும் பொருந்தும்.

சின்னமனூரில் நண்பன் வீட்டுத் திண்ணையில் அவ்விரவைக் கழித்தேன். காலை ஏழு மணிக்குப் பிறகே மலை ஏறினேன். வாழைமரமும் வாடிய மாலைகளுமே மிச்சம். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, பிறகென்ன?" என்றார் அப்பா. ஒன்றும் இல்லாமல் இருக்கத்தான் காத்திருந்தேன் என்பதை அன்று விளக்கத் தெரியவில்லை. இம்மலர் வெளிவந்ததும் முதல் பிரதி அக்காவுக்கே.