கம்பி, கரண்ட், காஸ்

பெங்களூருவில் பீனியா என்று ஒரு தொழிற்பேட்டை உண்டு. அங்கே தெருவுக்குத் தெரு சிறிய பட்டறைகள். ஒரு பட்டறையில் மாடிப்படிக் கைப்பிடி செய்யும் வேலை நடந்தது. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒரு துண்டை வெல்டிங் செய்து பழகினார். ஒட்டு வரிசையாக, பளபளப்பாக இருந்தது.

"அண்ணே, இதைப் பாருங்க. நல்லா வந்திருக்கு" என்றார்.

மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். துண்டை வைஸில் வைத்து இறுக்கினார். சுத்தியலால் ஓங்கி அடித்தார். ஒட்டு அப்படியே பெயர்ந்து விழுந்தது.

"தம்பி, இரும்பு உருகிச் சேரவில்லை. கம்பி மட்டும் உருகி மேலே உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு ஒரு குழந்தை இந்தக் கைப்பிடியில் சாயும். அப்போது பெயர்ந்தால் என்ன ஆகும்?"

இளைஞர் பதில் சொல்லவில்லை.

தவறு அவர் கையில் இல்லை. மெஷினைச் சரியாகத் தயார் செய்யவில்லை. அதை எப்படிச் செய்வது? பார்ப்போம்.

இது என்ன வெல்டிங்?

சாதாரண வெல்டிங்கில் ராடு தீரத் தீர மாற்ற வேண்டும். இதில் கம்பிச் சுருள் மெஷினிலேயே இருக்கும். கம்பி தானாக ஓடி வரும். இதற்கு மிக் வெல்டிங் என்று பெயர். சி.ஓ.டூ வெல்டிங் என்றும் சொல்வார்கள்.

டார்ச்சின் சுவிட்சை அழுத்தினால் கம்பி வரும். கரண்ட் வரும். காஸ் வரும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ஒட்டு கெடும்.

முதலில் கம்பி

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சுருளை மாட்டும்போது கம்பியின் நுனியை விடாதீர்கள். விட்டால் முழுச் சுருளும் அவிழ்ந்துவிடும். வளைந்த நுனியை வெட்டி, அரத்தால் தேயுங்கள்.

கம்பியைத் தள்ளுவது ரோலர். கம்பி வெளியே வருவது டிப் வழியாக. கம்பி, ரோலர், டிப் மூன்றிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். கம்பி 0.8 மி.மீ. என்றால் மற்ற இரண்டும் 0.8தான். எண் அதிலேயே பொறித்திருக்கும். படித்துப் பாருங்கள்.

டிப்பைக் கழற்றுங்கள். டார்ச் கேபிளை நேராக நீட்டுங்கள். மெஷினை ஓட்டி, கம்பி வெளியே வந்ததும் டிப்பை மாட்டுங்கள். டார்ச்சை யார் முகத்துக்கும் நேரே பிடிக்காதீர்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, கம்பியை ஒரு மரக்கட்டையில் முட்டும்படி ஓட்டிப் பாருங்கள். கம்பி வளைந்து தொடர்ந்து வந்தால் ரோலர் பிடி சரி. ரோலர் வழுக்கினால் கொஞ்சம் இறுக்குங்கள். அதிகமாக இறுக்கக் கூடாது. இறுக்கினால் எங்காவது தடை வரும்போது கம்பி உள்ளேயே குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது கரண்ட்

காஸ் வைத்து ஓட்டும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸில் இருக்க வேண்டும். எர்த் மைனஸில் இருக்க வேண்டும். காஸ் இல்லாமல் ஓட்டும் மருந்துக் கம்பியும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் மாற்றிப் பொருத்த வேண்டும். கம்பிப் பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

எர்த் கிளாம்ப்பைத் துருவின் மேலோ பெயிண்டின் மேலோ மாட்டாதீர்கள். சுரண்டி, இரும்பு தெரிந்த இடத்தில் மாட்டுங்கள்.

மெஷினில் முக்கியமான குமிழ்கள் இரண்டு. ஒன்று வோல்ட். மற்றொன்று கம்பியின் வேகம். வேகத்தைக் கூட்டினால் ஆம்பியரும் கூடும். தகட்டின் கனம் ஒரு மி.மீ. என்றால் சுமார் 40 ஆம்பியர் வேண்டும். 3 மி.மீ. என்றால் சுமார் 120 ஆம்பியர். 0.8 கம்பியில் 3 மி.மீ. தகட்டுக்கு 18 முதல் 20 வோல்ட்டில் தொடங்கலாம். பிறகு அதே கனமுள்ள கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

பிறகு காஸ்

காற்று பட்டால் உருகிய இரும்பு கெட்டுவிடும். காற்று படாமல் காப்பது காஸ். சிலிண்டரை நிற்க வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். பக்கவாட்டில் நின்று வால்வை மெல்லத் திறங்கள். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் காஸ் போதும். சி.ஓ.டூ வேகமாகப் போகும்போது ரெகுலேட்டர் குளிர்ந்து உறையும். அதற்குத்தான் ஹீட்டர். அதை மறக்காமல் போடுங்கள்.

காதும் கண்ணும்

எல்லாம் சரியாக இருந்தால், எண்ணெயில் கடுகு விடாமல் பொரிவது போலச் சத்தம் வரும். சத்தம் மாறினால் நிறுத்துங்கள். காரணத்தைத் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது.

*கம்பி இரும்பில் குத்துகிறது. டார்ச் கையைத் தள்ளுகிறது.* கம்பி வேகம் அதிகம். குறையுங்கள். அல்லது வோல்ட் குறைவு.

*கம்பி டிப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்கிறது.* கம்பி வேகம் குறைவு. அல்லது டார்ச்சை மிகவும் கிட்டே பிடிக்கிறீர்கள். டிப்பிலிருந்து கம்பி சுமார் 10 மி.மீ. வெளியே இருக்கட்டும்.

*கம்பி விட்டு விட்டு வருகிறது.* டிப்பைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். இப்போது சீராக வந்தால் டிப்பை மாற்றுங்கள். வராவிட்டால் ரோலரைப் பாருங்கள். கேபிளுக்குள் இருக்கும் லைனரில் தூசி அடைத்திருக்கலாம்.

*ஒட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.* காஸ் தீர்ந்ததா? நாசிலில் தெறிப்பு அடைத்திருக்கிறதா? மின்விசிறிக் காற்று அடிக்கிறதா? இரும்பில் துரு, எண்ணெய், பெயிண்ட் இருக்கிறதா?

*தகடு உருகி ஓட்டை விழுகிறது.* சூடு அதிகம். வோல்ட்டையும் வேகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறையுங்கள்.

*ஒட்டு மேடாக மேலே நிற்கிறது.* சூடு போதவில்லை. இதுதான் மிகவும் ஆபத்தானது. மற்றக் கோளாறுகள் கண்ணுக்குத் தெரியும். இது நல்ல ஒட்டு போலவே ஏமாற்றும்.

உடம்பைக் காப்பாற்றுங்கள்

கறுப்புக் கண்ணாடி உள்ள முகமூடி கட்டாயம் வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். தோல் கையுறை போடுங்கள். பருத்தி உடை உடுத்துங்கள். நைலான் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

சி.ஓ.டூ காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் மூடிய அறையிலும் தங்கிவிடும். அங்கே மூச்சுவிடக் காற்று இருக்காது. துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். எண்ணெய், பெட்ரோல் இருந்த பீப்பாயில் வெல்டிங் செய்யவே கூடாது. அது வெடித்துவிடும்.

மூடியின் உள்ளே ஒரு பாடம்

பட்டறைக்குத் திரும்புவோம். மேஸ்திரி மெஷினின் பக்க மூடியைத் திறந்தார். உள்ளே ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது.

"இதைப் பார்த்தாயா, தம்பி?"

"அது இங்கிலீஷ், அண்ணே."

"எண் எல்லாருக்கும் ஒன்றுதானே! படி."

இளைஞர் விரலை வைத்துப் படித்தார். தகடு, 3. கம்பி, 0.8. எதிரே இருந்த வோல்ட்டைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். முந்தின நாள் மெல்லிய தகட்டுக்கு வைத்த அளவு அப்படியே இருந்தது. அவரே குமிழைத் திருப்பினார். இன்னொரு துண்டை வெல்டிங் செய்தார்.

இந்த முறை சுத்தியலை மேஸ்திரி அவர் கையிலேயே கொடுத்தார். அவர் ஓங்கி அடித்தார். தகடு வளைந்தது. ஒட்டு விடவில்லை.

பதில் சொல்லுங்கள்

1. எந்த மூன்று பொருள்களில் ஒரே அளவு இருக்க வேண்டும்?
2. ஒட்டில் ஓட்டைகள் வந்தால் எவற்றைப் பார்ப்பீர்கள்?
3. அழகான ஒட்டு பலமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?