ஆறை முந்திய இரண்டு

பெங்களூர் சிவாஜிநகரில் பழைய பொருளுக்கு விலை சொல்லத் தெரிந்தவர்கள் நிறைய. கார்க் கதவோ, பைக்கின் கார்புரேட்டரோ, கருகிய மோட்டாரோ, கையில் வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தாலே பழைய சாமான் வாங்கும் குஜரிக்காரருக்கு அதன் ஜாதகம் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் பிராசசரிடம் மட்டும் இந்த வித்தை பலிப்பதில்லை. தேய்மானம் தெரியாது, துரு பிடிக்காது, எடையும் ஒன்றும் சொல்லாது. மேலே பொறித்திருக்கும் எண்ணை நம்பித்தான் வாங்க வேண்டும். அந்த எண்ணோ பாதி உண்மையைத்தான் சொல்லும்.

இரண்டு சிப்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2012 அக்டோபரில் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-6300. ஆறு கோர், அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் ஆறு பகுதிகள். மற்றொன்று, 2017 ஜனவரியில் வந்த இன்டெல் பென்டியம் ஜி4560. இரண்டே கோர். வெளிவந்தபோது முதலாவதன் விலை 132 டாலர், இரண்டாவதன் விலை 64 டாலர். வேடிக்கை என்னவென்றால், இரண்டின் அடிப்படை வேகமும் ஒன்றேதான்: 3.5 கிகாஹெர்ட்ஸ். குறைந்த பணத்தில் கம்ப்யூட்டர் சேர்க்கும் கல்லூரி மாணவன் ஆறைத்தானே எடுப்பான்? கடைக்காரரும் "ஆறு கோர் தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார்.

3.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 350 கோடித் துடிப்பு. நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளிகூட, அப்படி ஒரு துடிப்பு முடிவதற்குள் எட்டரை சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் துடிப்பு வேறு, வேலை வேறு. ஒரு துடிப்புக்குள் எத்தனை கட்டளைகளை முடிக்கிறது என்பதில்தான் இந்த இரண்டும் பிரிகின்றன.

பென்டியத்தின் ஒவ்வொரு கோரும் ஒரே துடிப்பில் பல கட்டளைகளைப் பிரித்துப் படித்து, வரிசையை மாற்றிப் போட்டு, முடிகிறதை முதலில் முடிக்கும். நிரலில் 'இப்படியானால் இங்கே போ, இல்லையென்றால் அங்கே போ' என்று ஒரு கிளை வந்தால், எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் பெரும்பாலும் பலிக்கும். தவறினால் செய்ததை உதறிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். எஃப்எக்ஸும் இதையெல்லாம் செய்கிறது. ஆனால் அதன் ஆறு கோர்களும் இரண்டிரண்டாக மூன்று ஜோடிகள். ஒரு ஜோடிக்குக் கட்டளை பிரிக்கும் பகுதி ஒன்றுதான். தசமக் கணக்குப் போடும் பகுதியும் ஒன்றுதான். கபாப் கடையில் இரண்டு பேர் மும்முரமாகக் கறியைக் கம்பியில் கோத்தாலும் சுடுவதற்குக் கரி அடுப்பு ஒன்றே இருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. இப்படிப் பங்கு போட்டுக்கொள்பவற்றைத் தனித்தனிக் கோர் என்று எண்ணலாமா என்று அமெரிக்காவில் 2015-ல் வழக்கே போட்டார்கள். எட்டு கோர் என்று விற்ற எஃப்எக்ஸ் சிப்களைப் பற்றிய வழக்கு அது, 1.21 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு 2019-ல் ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது.

பென்டியத்திடம் இன்னொரு தந்திரம் உண்டு. ரேமிலிருந்து ஒரு தகவலை வாங்கி வர இருநூறு துடிப்புக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஹைப்பர் த்ரெடிங் இருந்தால் அந்த இடைவெளியில் வேறொரு வேலையைச் செய்துகொள்ளும். அதனால் கோர் இரண்டானாலும் விண்டோஸின் கண்ணுக்கு நான்காகத் தெரியும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், கோருக்குக் கோர் பென்டியம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். சரி, ஒன்றரையை இரண்டால் பெருக்கினால் மூன்றுதானே, ஆறுக்கு முன் அது எப்படி நிற்கும் என்று கேட்கலாம். அதற்கு 1967-லேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் பதில் சொல்லிவிட்டார். எந்த வேலையிலும் பங்கு பிரிக்கவே முடியாத ஒரு பகுதி இருக்கும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

எஃப்எக்ஸின் ஒரே கோரில் 100 நொடி பிடிக்கும் வேலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 நொடி பிரிக்க முடியாதது. மீதி 60 நொடியை ஆறு கோர்களுக்கும் பங்கிட்டால் பத்து நொடியில் முடியும். மொத்தம் 50 நொடி. இதே வேலையில் பென்டியத்தின் பங்கு, நாற்பதும் முப்பதுமாக எழுபது. அதை ஒன்றரையால் வகுத்தால் 47 நொடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஆறை முந்திவிட்டது, ஹைப்பர் த்ரெடிங்கைக் கணக்கில் சேர்க்காமலே! பிரிக்க முடியாத பகுதி வெறும் 10 நொடி என்றால் கதை தலைகீழ்: எஃப்எக்ஸுக்கு 25, பென்டியத்துக்கு 37. வீடியோவைச் சுருக்குவது, முப்பரிமாணப் படம் தீட்டுவது எல்லாம் இந்த இரண்டாம் வகை. பிரவுசர், டாலி, எக்செல், அந்தக் காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை முதல் வகை. அந்த மாணவன் எதற்கு வாங்குகிறான் என்பது தெரியாமல் எது மேல் என்று சொல்பவர் வியாபாரம் செய்கிறார் என்றே அர்த்தம்.

இந்தச் சிப்கள் மலிவானது எப்படி என்பது எனக்கு வேகத்தைவிடச் சுவையான சங்கதி. எஃப்எக்ஸ்-6300 ஆறு கோராகப் பிறக்கவில்லை. 315 சதுர மில்லிமீட்டரில் 120 கோடி டிரான்சிஸ்டர்களோடு வந்த எட்டு கோர் சிப்தான் அது. ஒரு ஜோடியை அணைத்துவிட்டு ஆறு என்று விற்றார்கள். தயாரிப்பில் ஒரு மூலை பழுதானால் முழுச் சிப்பையும் எறிய வேண்டியதில்லை அல்லவா? பென்டியத்தில் நடந்தது வேறு. கோர் ஐ3-7100 என்ற அண்ணனிடமிருந்து அதைப் பிரிப்பது 0.4 கிகாஹெர்ட்ஸும், ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதியும், வேறு சில சில்லறை வசதிகளும்தான். விலையில் மட்டும் 53 டாலர் வித்தியாசம். இங்கே அணைத்தது பழுதுக்காக அல்ல, விலைப்பட்டியலுக்காக என்பது என் கணிப்பு.

அணைத்து விற்கும் பழக்கம் பெங்களூருக்கும் புதிதல்ல. இன்டெலின் பெங்களூர் மையத்தில் வடிவமைத்து 2008 செப்டம்பரில் வெளிவந்த 'டன்னிங்டன்' ஜியான் 7400, 190 கோடி டிரான்சிஸ்டர் கொண்ட ஆறு கோர் சிப். அதே வரிசையில் நான்கு கோர் மாடல்களும் விற்பனைக்கு வந்தன. இந்த ஊரில் சிப் வடிவமைப்பு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அலுவலகம் திறந்த மில்லர்ஸ் சாலைக்குச் சிவாஜிநகரிலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஏவிஎக்ஸ் இல்லாததை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வந்த சில மென்பொருள்கள் அது இல்லாமல் திறக்கவே மறுத்தன. நான்கு வயது மூத்த எஃப்எக்ஸிடம் அது இருக்கிறது. வேகத்தில் ஜெயித்த சிப் இந்த ஒரு இடத்தில் வாசலிலேயே நின்றுவிடும்.

இனி பணம். எஃப்எக்ஸ்-6300-ல் கிராபிக்ஸ் கிடையாது; போர்டிலும் அது இல்லையென்றால் திரையில் படம் வரவே தனி கார்டு வேண்டும். பென்டியத்தில் உள்ளேயே உண்டு. விளையாடுவதற்காக எப்படியும் கார்டு வாங்குகிறவனுக்கு இது பொருட்டில்லை, மற்றவர்களுக்குச் செலவுதான். அடுத்து மின்சாரம். எஃப்எக்ஸ் 95 வாட், பென்டியம் 54 வாட். இவை வெப்பத்தைத் தணிக்கக் கொடுக்கும் அளவுகள். எந்நேரமும் அவ்வளவு இழுக்காது. முழு மூச்சில் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால், மாதத்துக்கு ஆறு யூனிட் கூடும். சின்னத் தொகைதான். ஆனால் கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் வீட்டுக்கு 200 யூனிட் வரை இலவசம் என்றாலும், பெரும்பாலோருக்கு அவரவர் பழைய சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்துத்தான் அந்த வரம்பு. ஐம்பது யூனிட் செலவழித்துக்கொண்டிருந்த ஓர் அறை வீட்டில் கூடுதலாகக் கிடைப்பது ஐந்து யூனிட்தான்.

படிக்கவும் எழுதவும் சும்மா பார்க்கவும் என்றால் பென்டியத்தை எடு என்பேன். வீடியோ வேலை என்றால் எஃப்எக்ஸ், அதுவும் கிராபிக்ஸ் கார்டு கையில் இருந்தால். எஃப்எக்ஸை வாங்கும்போது கீழே திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊசிகள் சிப்பிலேயே இருக்கின்றன; ஒன்று வளைந்தாலும் தலைவலி. பென்டியத்துக்கு ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன, ஆகவே பார்க்க வேண்டியது அங்கே.

உண்மையில் பழைய சந்தையில் முதலில் தேட வேண்டியதே மதர்போர்டுதான். பிராசசர் லேசில் சாகாது. கெப்பாசிட்டர் வீங்கியோ ஈரம் பட்டோ முந்திக்கொள்வது போர்டுதான். நல்ல போர்டு எந்த சாக்கெட்டுக்குக் கிடைக்கிறதோ, அதற்கேற்ற சிப்பைத் தேடுவது புத்திசாலித்தனம். பென்டியம் உட்காரும் அதே சாக்கெட்டில், போர்டு தாங்குமானால், பின்னொரு நாள் நான்கு கோரும் எட்டு த்ரெட்டும் உள்ள கோர் ஐ7-7700-ஐயும் பொருத்தலாம். அதில் ஏவிஎக்ஸை யாரும் அணைக்கவில்லை.