ஒரு க்ளிக்... 52 கோடி டாலர்!

டெக் ஃபெஸ்ட்டுக்கு வெப்சைட் பண்ணச் சொன்னா நாம முதல்ல செய்யற வேலை என்ன? போன வருஷ டான்ஸ் வீடியோவை முகப்புல ஒட்டுறது! 'ஷேர்', அப்புறம் 'எம்பெட்', ரெண்டு வரி காப்பி-பேஸ்ட். மேட்டர் ஓவர். ஆனா பாஸ், இப்படி ஒரு பக்கத்துக்குள்ளே இன்னொரு ப்ரோகிராமை ஒட்டவைக்கிற ஐடியா யாருக்குச் சொந்தம்னு அமெரிக்காவில் 1999-ல் ஆரம்பிச்ச கோர்ட் சண்டை, 2012-ஐத் தாண்டியும் ஓடியிருக்குன்னா நம்புவீங்களா?

கதை இதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் வேலை பார்த்த மைக்கேல் டாய்லும் அவரோட ரெண்டு சகாக்களும் 1994-ல் ஒரு பேடன்ட்டுக்கு விண்ணப்பிச்சாங்க. வெப் பக்கத்துக்குள்ளேயே வேறொரு ப்ரோகிராமை ஓடவைத்து, படிக்கிறவர் அதை இயக்கவும் முடிகிற ஏற்பாடுதான் விஷயம். 1998-ல் பேடன்ட் கிடைத்தது. டாயில் தொடங்கிய 'இயோலாஸ்' கம்பெனி, அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட் மேல் கேஸ் போட்டது. 2003-ல் சிகாகோ ஜூரி சொன்ன தீர்ப்பு: மைக்ரோசாஃப்ட் சுமார் 52 கோடி டாலர் கட்டணும்!

க்ளிக் பண்ணாத்தான் உண்டு

கேஸ் ஒரு பக்கம் நடக்க, 2006-ல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. பக்கத்தில் ஒட்டின ப்ளேயர் கண்ணுக்குத் தெரியும். ஆனா 'ப்ளே', 'பாஸ்' எதை அமுக்கினாலும் அசையாது. முதல்ல ஒரு க்ளிக் பண்ணி அதை 'எழுப்பணும்'. அப்புறம்தான் பட்டன்கள் வேலை செய்யும். பேடன்ட் வலையில் சிக்காம இருக்க இந்த ஏற்பாடு. அந்த வருஷங்கள்ல ப்ரவுஸிங் சென்டரில் உட்கார்ந்த அண்ணன், அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்க. வீடியோவைச் சுத்தி ஒரு கட்டம் வந்து கடுப்பேத்தினது ஞாபகம் இருக்கும்.

நம்ம வெப் டெவலப்பர்கள் சும்மா இருப்பாங்களா? அங்கேதான் ஸ்கிரிப்ட் என்ட்ரி! வீடியோவுக்கான டேக்கைப் பக்கத்தில் நேரா எழுதினாத்தானே இந்தத் தொல்லை? பக்கத்தில் எழுதாம, தனியா ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில் வெச்சுட்டாங்க. பக்கம் திறக்கும்போது அந்த ஃபைல் வெளியிலேர்ந்து வந்து, டேக்கை எழுதிட்டுப் போயிடும். அதே ஸ்கிரிப்ட்டைப் பக்கத்துக்குள்ளேயே எழுதினா பலிக்காது, தனி ஃபைலா இருந்தாத்தான் செல்லும். ஒரே ரிசல்ட், ஆனா எக்ஸ்ட்ரா க்ளிக் கிடையாது. 2007-ல் ரெண்டு கம்பெனியும் சமாதானமாப் போக, 2008-ல் அந்தக் கட்டாய க்ளிக்கை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது.

கேஸைத் திருப்பிப் போட்ட ஸ்டூடன்ட்

க்ளைமாக்ஸ் இனிமேதான். அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படிச்சவர் பெய்-யுவான் வெய். 'வயோலா' என்ற ப்ரவுசரை உருவாக்கியவர். டாயில் விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின வருஷம், 1993 மே மாசமே, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இன்ஜினீயர்கள் ரெண்டு பேருக்கு அதை டெமோ காட்டியிருந்தார். அடுத்த வெர்ஷனை யாரும் எடுத்துக்கொள்ளும்படி நெட்டிலும் போட்டுவெச்சார். 2003 ஜூரிக்கு இந்த விஷயத்தைச் சொல்லவே விடலை. 2005-ல் மேல்கோர்ட், "அது தப்பு, மறுபடி விசாரியுங்க" என்று தீர்ப்பைத் திருப்பி அனுப்பியது.

சமாதானத்துக்கு அப்புறம் இயோலாஸ் அடுத்த ரவுண்டு கிளம்பியது. கூகுள், யூட்யூப், யாஹூ, அமேசான், அடோபி... லிஸ்ட் பெருசு. 2012 பிப்ரவரியில் டெக்சாஸின் டைலர் நகரில் விசாரணை. வெய் வந்து சாட்சி சொன்னார். வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீயே வந்து சாட்சி சொன்னார். பேடன்ட் செல்லாது என்று ஜூரி சொல்லிவிட்டது. அது நிலைத்திருந்தா, வீடியோவை ஒட்டுற ஒவ்வொரு பெரிய சைட்டும் கப்பம் கட்டவேண்டிய நிலைமை வந்திருக்கும்.

இப்ப உங்க சைட்டுக்கு வருவோம்

ஸ்கிரிப்ட் டேக்கைப் பக்கத்தின் தலைப்பகுதியில் சும்மா போட்டா என்ன ஆகும் தெரியுமா? அந்த ஃபைல் வந்து ஓடி முடியும்வரை, மீதிப் பக்கத்தைப் படிக்காம ப்ரவுசர் காத்துக்கிட்டு நிற்கும். ஹாஸ்டல் வைஃபையில் இது வெள்ளைத் திரைதான். இதுக்கு ரெண்டு மருந்து. 'டிஃபர்' என்று சேர்த்தா ஃபைல் பின்னணியில் இறங்கும், பக்கம் முழுசாப் படிச்சபிறகு வரிசைப்படி ஓடும். 'அசிங்க்' என்றால் எது முதல்ல வருதோ அது முதல்ல ஓடும். ஒண்ணையொண்ணு நம்பி இருக்கிற ஸ்கிரிப்ட்டுகளுக்கு 'அசிங்க்' போட்டா, முன்னுக்குப்பின் மாறி மானம் போகும்.

யூட்யூப் ப்ளேயரை ஜாவாஸ்கிரிப்ட்டில் கட்டுப்படுத்துறவங்க கவனிங்க. ஸ்கிரிப்ட் வந்து சேர்றதுக்கு முன்னாடியே ப்ளேயரைக் கூப்பிட்டா எரர்தான். அது தயாரானதும் நீங்க எழுதிவெச்ச ஒரு ஃபங்ஷனைத் தானே கூப்பிடும். அதுக்குள்ளே உங்க வேலையை வெச்சுக்கோங்க.

இன்னொரு சூப்பர் டெக்னிக் இருக்கு. பத்து வீடியோ இருக்கிற பக்கத்தில் பத்து ப்ளேயரையும் முதலிலேயே இறக்காதீங்க. வெறும் படத்தை வெச்சு, மேலே ஒரு ப்ளே பட்டன் வரைஞ்சுடுங்க. யாராவது தொட்டாத்தான் நிஜ ப்ளேயர் வரணும். பக்கம் பறக்கும், பார்க்கிறவங்க டேட்டாவும் மிச்சம். கவனிச்சீங்களா? 2006-ல் எந்தக் க்ளிக்கைத் தவிர்க்க டெவலப்பர்கள் தலைகீழா நின்னாங்களோ, அதே க்ளிக்கை இன்னிக்கு நாமளே ஆசையா வைக்கிறோம்!

கடைசியா ஒண்ணு. வெய்யைக் காப்பாத்தினது தேதியோட இருந்த அவரோட டெமோவும் கோடும்தான். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை வைவா முடிஞ்ச அன்னிக்கே பென் டிரைவோட தொலைச்சிடாதீங்க. கிட்ஹப்பில் தேதி விழுற மாதிரி போட்டு வைங்க, யார்கிட்ட டெமோ காட்டினீங்கன்னு ஒரு வரி எழுதி வைங்க. பத்து வருஷம் கழிச்சு எந்தக் கோர்ட்டில் யாருக்கு அது தேவைப்படும்னு யார் கண்டா?