நச்சுநிரலை நீக்க வன்தட்டை அழித்தல்

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் நீக்க முடியாத, நீக்கினாலும் மறுபடி தலைகாட்டும் வைரஸை ஒழிப்பதற்கு, வன்தட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது கடைசி வழியாகும். பேச்சு வழக்கில் இது 'பார்மட் அடிப்பது' எனப்படுகிறது. ஆனால் பார்மட் செய்வதும் வன்தட்டை முழுவதும் அழிப்பதும் ஒன்றல்ல. பார்மட் செய்த சில நாள்களில் வைரஸ் திரும்பி வருவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

விரைவு பார்மட், கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்னும் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகிறது. பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்ட புத்தகத்தில் பாடங்கள் அப்படியே இருப்பதைப் போன்றது இது. அழிந்த படங்களை மீட்டுத் தரும் மென்பொருள்கள் வேலை செய்வதும் இதனால்தான். எனினும் அவ்வாறு எஞ்சிய நச்சுநிரல் தானாக இயங்காது. பார்மட்டின் கை எட்டாத இடங்களில்தான் உண்மையான ஆபத்து உள்ளது.

பழைய முறையில் பிரிக்கப்பட்ட வன்தட்டின் முதல் 512 பைட்டுகள் தலைமைத் துவக்கப் பதிவு எனப்படும். கணினி தொடங்கும்போது இயங்குதளத்துக்கும் முன்னால் இயங்குவது இதுவே. இது சி, டி போன்ற எந்தப் பிரிவுக்கும் உட்பட்டதன்று. ஆகவே சி பிரிவைப் பார்மட் செய்தால் இது மாறுவதில்லை. 1991இல் கண்டறியப்பட்ட 'மைக்கலாஞ்சலோ' வைரஸ் இங்கேதான் ஒளிந்திருந்தது. மார்ச் 6ஆம் நாள் கணினியை இயக்கினால் அது வன்தட்டின் தொடக்கப் பகுதிகளை மேலெழுதிவிடும்.

படங்கள் இருக்கின்றன என்று டி பிரிவைத் தொடாமல் விடுவது இன்னொரு வழக்கம். 'சாலிட்டி', 'ராம்னிட்' போன்றவை எல்லாப் பிரிவுகளிலும் உள்ள செயலிக் கோப்புகளில் ஒட்டிக்கொள்பவை. டி பிரிவிலுள்ள பழைய நிறுவல் கோப்பு ஒன்றை இயக்கினாலே போதும், தூய்மையான சி பிரிவும் மீண்டும் கெட்டுவிடும். பென்டிரைவுக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே காப்புநகலில் ஆவணங்கள், படங்கள் போன்றவற்றை மட்டும் எடுக்க வேண்டும். செயலிகளை எடுக்கக் கூடாது. ஆவணங்களின் மேக்ரோக்களிலும் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சோதித்த பின்பே திறப்பது நல்லது. நகல் உண்மையில் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்ப்பதும் அவசியம். பலர் இதைச் செய்வதில்லை.

நிறுவலுக்கான பென்டிரைவை வைரஸ் இல்லாத வேறு கணினியில் தயாரித்து, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். விண்டோஸின் 'டிஸ்க்பார்ட்' கருவியில் உள்ள 'கிளீன் ஆல்' கட்டளை, தேர்ந்தெடுத்த வட்டு முழுவதிலும் சுழியங்களை எழுதுகிறது. நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 1 டெராபைட் வன்தட்டுக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் பிடிக்கும். இக்கட்டளை வட்டை எண்ணால் மட்டுமே அறியும். காப்புநகல் உள்ள வட்டும் அப்போது இணைந்திருந்து, எண் மாறிப்போனால் அந்த நகலும் அழிந்துவிடும். அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டே தொடங்க வேண்டும்.

திண்மநிலை வட்டுகளில் மேலெழுதுதல் எல்லா நினைவகப் பகுதிகளையும் சென்றடைவதில்லை. அவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்பு வசதி பொருத்தமானது.

மிக அரிதாக, வன்தட்டை மாற்றினாலும் போகாத நச்சுநிரல்களும் உண்டு. 2018இல் வெளிப்பட்ட 'லோஜாக்ஸ்' தாய்ப்பலகையின் நிலைபொருளில் தங்குவது. அதற்கு நிலைபொருளையே மறுபடி எழுத வேண்டும்.