வராதவர் பட்டியலுக்கு அபராத ரசீதா?

*ஓட்டுப் போடாதவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் எழுகிறது. திருவனந்தபுரத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், தண்டனை யார் தலையில் விழும் என்பது தெரிகிறது.*

2024 மக்களவைத் தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 16,077 வாக்குகள். அன்றைக்கு வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் ஏறத்தாழ 4,80,000 பேர். அதாவது, வித்தியாசத்தைப் போல முப்பது மடங்கு. இந்தக் கணக்கு போதாதா? "ஓட்டுப் போடாதவனுக்கு ரேஷனை நிறுத்து, பாஸ்போர்ட்டை முடக்கு, அப்போதுதான் புத்தி வரும்" என்று டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு, தொலைக்காட்சி விவாதம் வரை ஏறி உட்கார்ந்துவிட்டது.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-ல் 73 சதவீதத்தைத் தாண்டிய தொகுதி, 2024-ல் 66.5 சதவீதத்தில் நின்றது. கேரளம் முழுவதுமே கிட்டத்தட்ட 78-லிருந்து 71-க்கு இறங்கியது. 2020 உள்ளாட்சித் தேர்தலில் திருவனந்தபுரம் மாநகராட்சி 60 சதவீதத்தைத் தொடவே மூச்சு வாங்கியது. மத்திய சென்னையின் 54 சதவீதத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் பெரிய சரிவாகத் தோன்றாது. ஆனால், 1960 சட்டமன்றத் தேர்தலில் 85 சதவீதம் பேர் திரண்டுவந்து ஓட்டளித்த மாநிலம் அது. அப்போது எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

"படித்தவன் சோம்பேறி" என்ற தீர்ப்பு சுலபமானது. கௌடியார், பட்டம் பகுதி அடுக்குமாடிகளில் அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், வராத அத்தனை பேரையும் ஒரே கூடையில் போட்டு அபராதம் விதிப்பதற்கு முன், அவர்கள் யார் என்று பார்த்துவிடலாமே?

ஊரில் இல்லாத ஊர்க்காரர்கள்

கேரளத்திலிருந்து வெளிநாடு போனவர்களின் கணக்கு 1998 முதல் ஆய்வாக எடுக்கப்பட்டுவருகிறது. அதைத் தொடங்கிவைத்த வளர்ச்சி ஆய்வு மையம் இருப்பதும் இதே திருவனந்தபுரத்தில்தான். 2023-ம் ஆண்டு ஆய்வு தந்த மதிப்பீடு: கடல் கடந்து வாழ்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர். இவர்களில் 2024 தேர்தலுக்கு வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் பதிந்தவர்கள் 90,000-ஐ நெருங்கினார்கள். இந்தியா முழுவதும் அப்படிப் பதிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மலையாளிகள். வந்து ஓட்டளித்தவர்கள்? 2,700-க்கும் குறைவு. 2019-ல் இதே கேரளத்துக்காக 25,000-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள்.

ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள், எப்படி வருவது என்றும் கேட்க வேண்டும். வெளிநாடு வாழ் வாக்காளர் தம் சொந்த ஊர்ச் சாவடியில், கையில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் நிற்க வேண்டும் என்பதே விதி. தபால் ஓட்டு கிடையாது. தூதரகத்திலும் பெட்டி கிடையாது. பதிலி மூலம் வாக்களிக்க வகைசெய்த மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019-ல் காலாவதி ஆனது. வளைகுடாப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். தேர்தலோ ஏப்ரலில். ஷார்ஜாவில் ஓட்டுநர் வேலை செய்பவர் ஒரு பொத்தானை அழுத்த ஒரு மாதச் சம்பளத்தை டிக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டும். மலபார்ப் பக்கம் அமைப்புகள் குழுவாக டிக்கெட் எடுத்து ஆட்களை அழைத்துவந்ததை 'வோட்டு விமானம்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. அழைத்துவர அமைப்பு இல்லாதவர், அங்கேயே இருந்து மொபைலில் முடிவைப் பார்த்துக்கொண்டார்.

வெளிநாட்டை விடுங்கள். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவருக்குக் கண்ணூரில் ஓட்டு. தலைமைச் செயலகத்து ஊழியருக்குப் பாலக்காட்டில் ஓட்டு. திருவனந்தபுரத்துப் பிள்ளைக்குப் பெங்களூரு விடுதியில் வாசம், கரமனையில் ஓட்டு. பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்க் கரையிலிருந்து சுறா பிடிக்கப் போகிறவர்கள் கடலுக்குள் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கேரளத்தில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சத்துக்கு மேல் என்று 2013-லேயே குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுக்கு ஓட்டு அசாமிலும் வங்கத்திலும் ஒடிசாவிலும். ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளுக்கு வாக்களிக்க உதவும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரி 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டப்பட்டது. கட்சிகள் பலவும் சந்தேகப்பட, அது மாதிரியாகவே நின்றுவிட்டது.

வந்தவர்கள் மட்டும் நிம்மதியாகவா ஓட்டளித்தார்கள்? 2024 ஏப்ரல் வெயிலில் கேரளத்தில் வரிசையில் நின்றவர்களும் ஓட்டளித்துத் திரும்பியவர்களுமாகச் சிலர் மயங்கி விழுந்து இறந்தார்கள். ஆறு மணிக்கு முடிய வேண்டிய வாக்குப்பதிவு வடகரைப் பக்கம் சில சாவடிகளில் இரவு வெகுநேரம் நீண்டது. நான்கு மணிநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவருக்கும் அபராதம் உண்டா?

எல்லைக்கோட்டில் ஒரு தமிழர்

இடுக்கித் தோட்டங்களிலும் களியக்காவிளை, பாறசாலை எல்லையிலும் வாழும் தமிழர்களின் நிலை இன்னும் விசித்திரம். பிழைப்பு இந்தப் பக்கம், குலதெய்வம் அந்தப் பக்கம். இரண்டு மாநிலப் பட்டியலிலும் பெயர் இருப்பவர்கள் உண்டு. ஒரு பெயரை நீக்கச் சொல்லி மனுக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. கொடுத்தாலும் நீங்கியதா என்று தெரிவதில்லை. 2024-ல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26 என்று தேதி வந்ததும், இரட்டை ஓட்டு பற்றிய புகார் உடும்பன்சோலையில் பெரிதாக வெடித்தது. கட்டாய வாக்களிப்பு வந்தால், இரண்டு பட்டியலிலும் பெயர் உள்ளவர் என்ன செய்வார்? இரண்டு இடத்திலும் போட்டால் குற்றம். ஓரிடத்தில் போடாவிட்டால் அபராதம். நேர்மையாக இருப்பதற்கே காசு கட்ட வேண்டிய நிலை.

பட்டியலின் லட்சணம் இதுதான் என்றால், சதவீதத்தை மட்டும் எப்படி நம்புவது? 2025 டிசம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் கேரளத்தில் சுமார் 24 லட்சம் பெயர்கள் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம். இறந்தவர், இடம் மாறியவர், இரு இடத்தில் இருந்தவர், தேடியும் கிடைக்காதவர். எல்லா நீக்கமும் சரியென்று யாரும் சொல்ல மாட்டார்கள். பலர் மறுபடி மனுக் கொடுக்க ஓடினார்கள். பாதி மட்டுமே சரியென்று வைத்துக்கொண்டால்கூட, 2024-ல் கேரளத்தின் 71 சதவீதம் 74 ஆகிவிடும். 'பொறுப்பில்லாத குடிமகன்' என்று நாம் திட்டியவர்களில் எத்தனை பேர் மறைந்தவர்கள், எத்தனை பேர் வீடு மாறிப் போனவர்கள்? கட்டாய வாக்களிப்பு அன்றே அமலில் இருந்திருந்தால், அவர்கள் வாசலுக்கும் நோட்டீஸ் போயிருக்கும்.

யார் கையில் போகும் அந்தப் பட்டியல்?

என்னை அதிகம் உறுத்துவது அபராதத் தொகை அல்ல. அபராதம் விதிக்க முதலில் ஒரு பட்டியல் தேவை. யார் வந்தார், யார் வரவில்லை என்று பெயர், முகவரியோடு அரசே தயாரித்துக் கையொப்பமிட்ட பட்டியல். அந்தக் காகிதத்தைத்தான் சொல்கிறேன்.

கேரளத்தில் வாக்குப்பதிவு நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு எந்தக் கட்சி பூத்துக்குப் போனாலும், இன்னும் யார் வரவில்லை என்பதை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். "சேச்சி, ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டோ வாசலுக்கு வரும். இன்றைக்கு அது அன்புத் தொல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் முடிந்தது. நாளைக்கு அதே கேள்விக்குப் பின்னால் சட்டம் நிற்கும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவர்கள் அந்த மாநிலத்தில் 60 லட்சத்துக்கு மேல். பலருக்கு அது வீடு தேடி வருகிறது. ஓய்வூதியப் பட்டியலையும் வராதவர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தக்கூடும் என்ற பயம் தெருவில் உலவினால் போதும்.

இன்னொன்று, கள்ள ஓட்டு. அது பிழைப்பதே வராதவர் பெயரில்தான். 2019-ல் கண்ணூர், காசர்கோடு பகுதிகளில் சாவடிக் கேமராப் பதிவுகள் வெளிவந்த பிறகு ஏழு சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டி வந்தது. வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று தனிப்பட்டியல் போட்டுச் சாவடி அதிகாரி கையில் கொடுப்பதும் இந்த ஆபத்துக்காகத்தான். இன்று துபாயில் இருக்கும் மகனின் பெயரில் வேறொருவர் ஓட்டளித்தால் வீட்டார் கொதிக்கிறார்கள். மகன் பெயரில் அபராதம் வரும் என்று சட்டம் சொன்னால்? "நோட்டீஸ் வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் வீடு தேடி வருவார். பூத் சிலிப்பை எடுத்து நீட்டச் சில வீடுகளில் கை நீளும். திருடனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் ஒரே நலன் உண்டாகிவிட்டால், அப்புறம் புகார் கொடுப்பது யார்?

உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று நோட்டாவுக்கு வழிவிட்ட தீர்ப்பில் இந்த நுணுக்கம் இருக்கிறது. அதற்கு முன் 49-ஓ விதிப்படி, ஓட்டளிக்க விரும்பாதவர் சாவடியில் அதைச் சொல்லி, அதிகாரி எழுதும் குறிப்புக்கு எதிரே கையொப்பமிட வேண்டியிருந்தது. மறுத்தவர் யார் என்பது அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். வாக்களிப்பவருக்கு உள்ள ரகசியக் காப்பு மறுப்பவருக்கும் உண்டு என்று சொல்லி நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. மறுத்தவரை ஊருக்குக் காட்டாதே என்று சொன்ன நாட்டில், வராதவரை ஊருக்குக் காட்டும் பதிவேடு எப்படிப் பொருந்தும்? 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 79-ம் பிரிவு, தேர்தல் உரிமை என்பதை விளக்கும்போதே வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் இருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

குஜராத் பார்த்த வழி

இது கற்பனை விவாதம் அல்ல. குஜராத் சட்டமன்றம் 2009-ல் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்டாய வாக்களிப்பைக் கொண்டுவந்தது. ஆளுநர் மாளிகையில் தேங்கி, மீண்டும் நிறைவேறி, 2014-ல் ஒப்புதல் பெற்று, 2015-ல் 100 ரூபாய் அபராதம் என்று விதி வகுக்கும் வரை போனது. அந்த ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடகமும் 2015-ல் ஊராட்சிகளுக்கு வாக்களிப்பைக் கடமையாக்கியது. ஆனால், தண்டனை எதையும் வைக்கவில்லை. 1990-ல் தேர்தல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த கோஸ்வாமி குழு கட்டாயம் வேண்டாம் என்றது. 2015 மார்ச்சில் சட்ட ஆணையத்தின் 255-வது அறிக்கையும் அதையே சொன்னது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். 1922-ல் 60 சதவீதத்துக்கும் கீழே இருந்த வாக்குப்பதிவு, 1924-ல் சட்டம் வந்ததும் அடுத்த ஆண்டுத் தேர்தலில் 91-ஐத் தாண்டியது. எல்லோரும் வந்தாக வேண்டுமென்றால் ஏழைகளையும் கட்சிகள் மதிக்கும் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அங்கே தேர்தல் சனிக்கிழமை. முன்கூட்டியே போடலாம், தபாலில் போடலாம், லண்டனில் இருந்தும் போடலாம். வெளிநாட்டில் இருந்தேன் என்பது செல்லுபடியாகும் காரணம். நம் தமிழர்கள் ஓட்டளிக்கும் சிங்கப்பூரிலும் வராதவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித் திரும்பச் சேர வேண்டும். அந்த நாடும் வெளிநாட்டு நகரங்களில் சாவடி வைத்து, 2025-ல் தபால் ஓட்டும் கொடுத்தது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியோ 2024 உள்ளாட்சித் தேர்தலில் கட்டாயத்தையே கைவிட்டுவிட்டது.

பெட்டி நகரட்டும்

நம்மிடமும் பாதை இருக்கிறது. 2024-ல் 85 வயது தாண்டியவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ உடற்குறை உள்ளவர்களுக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே போனது. மலையேறி, படகேறி அலுவலர்கள் போனார்கள். ஒருவரைக்கூட நோட்டீஸ் அனுப்பி மிரட்டவில்லை. படுக்கையில் இருக்கும் பாட்டிக்குச் செய்ய முடிந்ததை, ரியாத்தில் இருக்கும் பேரனுக்கும் பெரும்பாவூரில் பலகை அறுக்கும் அசாம் இளைஞருக்கும் செய்ய முடியாதா?

அதற்கு முதல் வேலை ஒன்றுண்டு. அடுத்த தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் வராதவர்கள் ஏன் வரவில்லை என்ற காரணத்தை மட்டும் எண்ணிக்கையாக வெளியிடுங்கள்: வெளிநாட்டில் இத்தனை, வெளிமாநிலத்தில் இத்தனை, கடலில் இத்தனை, இறந்தவர் இத்தனை, விருப்பமில்லாதவர் இத்தனை. பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். கடைசி வகை மிகப் பெரிதாக இருந்தால் கட்டாயத்தைப் பற்றி வாதாடலாம். மற்ற நான்கும் பெரிதாக இருந்தால், அபராதம் கட்ட வேண்டியவர் வாக்காளர் அல்ல.