சில்லு முறிந்த முழங்காலும் புத்தூர் கட்டும்

பெங்களூருவையும் சேலத்தையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய்ச் சரிவு விபத்துகளுக்குப் பேர்போனது. அத்தகைய விபத்துகளில் காரின் முன்பலகையில் முழங்கால் மோதினாலும், இருசக்கர வாகனத்திலிருந்து விழுபவரின் முட்டி தார்ச்சாலையில் நேராக அடிபட்டாலும், முழங்கால் சில்லு முறியக்கூடும். கை, கால் எலும்பு முறிந்தால் ஆந்திராவின் புத்தூர் வரை சென்று கட்டுப்போட்டுக் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் இன்றும் உண்டு. ஆனால் விலகிப்போன சில்லு முறிவுக்கு வெளிக்கட்டு எதுவும் போதாது.

தொடையின் முன்பக்கப் பெருந்தசையின் நாணுக்குள் பொதிந்திருக்கும் இச்சில்லு, அத்தசையின் இழுப்பைக் கீழ்க்கால் எலும்புக்குக் கடத்தி, மடங்கிய காலை நிமிர்த்த உதவுகிறது. சில்லு குறுக்காக முறிந்து பக்கவாட்டு நார்களும் கிழிந்துவிட்டால், மேல்துண்டைத் தொடைத்தசை மேலே இழுத்துக்கொள்ள, கீழ்த்துண்டு இருந்த இடத்திலேயே தங்கிவிடும். துண்டுகள் தொடாத இடத்தில் எலும்பு கூடுவது அரிது. ஆகவேதான், படுத்த நிலையில் முட்டியை மடக்காமல் காலை உயர்த்தும்படி மருத்துவர் முதலில் சொல்கிறார். காலைத் தூக்க முடிந்து, எக்ஸ்ரேயில் இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, மூட்டுப் பரப்பும் சீராக இருந்தால், 4 முதல் 6 வாரம் மாவுக்கட்டே போதுமானது. இல்லையெனில் அறுவை சிகிச்சைதான் வழி.

கிருமிகளைத் தடுக்கும் முறையைப் பரப்பிய ஜோசப் லிஸ்டர், மூட்டைத் திறப்பதே உயிருக்கு ஆபத்து என்று கருதப்பட்ட காலத்தில், 1877இல் லண்டனில் முறிந்த சில்லை வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். இன்று பரவலாகச் செய்யப்படும் முறையில், துண்டுகளைப் பொருத்தி, உட்புறக் குருத்தெலும்புப் பரப்பில் மேடுபள்ளம் இல்லையென விரலால் தடவி உறுதிசெய்த பின், இரண்டு மெல்லிய கம்பிகள் நெடுக்காகச் செலுத்தப்பட்டு, அவற்றின் முனைகளைச் சுற்றி ஓர் உலோக இழை சில்லின் முன்புறத்தில் எட்டு வடிவில் முறுக்கப்படுகிறது. முட்டி மடங்கும்போது சில்லின் முன்புறத்தைப் பிளக்க முயலும் விசையை அந்த இழை தாங்குவதால், பின்புறத்தில் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கின்றன. பிரிக்க வந்த இழுப்பே சேர்க்கும் அழுத்தமாக மாறுவது இம்முறையின் அழகு. பல துண்டுகளாக நொறுங்கிய சில்லுக்குத் தகடும் திருகாணியும் தேவைப்படலாம். முழுச் சில்லையும் அகற்றிவிடும் பழைய வழக்கம் காலின் வலுவைப் பெரிதும் குறைத்ததால், இன்று அது கடைசி வழியாகவே கருதப்படுகிறது.

எலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் பிடிக்கும். அதற்குள் மருத்துவர் சொல்லும் அளவுக்குப் படிப்படியாக மடக்கிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிப்போகும், தொடைத்தசையும் மெலிந்துவிடும். வயலில் குந்திக் களையெடுப்பவருக்கும், தரையில் அமர்ந்து புளி தட்டுபவருக்கும் இப்பயிற்சி அறுவை சிகிச்சைக்குச் சற்றும் குறைந்ததல்ல. வலிக்குப் பயந்து அதை விட்டுவிடுவதுதான் பெரும் இழப்பு. தோலடியில் கம்பி உறுத்தினால், எலும்பு கூடிய பின் அதை எடுத்துவிடலாம்.

அடிபட்ட முட்டி வீங்கி, காலை நேராகத் தூக்க முடியாமல் போனால், எண்ணெய் தேய்த்து உருவாமல், காலை நீட்டியபடியே அசையாமல் வைத்து 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது.